ஒரு சாவுக்கு ஒரு லீவு

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் மேடம். நம் பனியன் கம்பெனியில் ஷிப்ட் சார்ட் எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

எனக்கு முன்னால் மேனேஜர் கந்தவேல் எழுதிக்கொண்டிருந்தார். பிடித்தவர்களுக்கு ஞாயிறு லீவு, பிடிக்காதவர்களுக்கு மாதம் முழுக்க ராத்திரி ஷிப்ட். அவருக்கு யாரைப் பிடிக்கும் என்பது வேலம்பாளையத்தில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். இந்த அமராவதி சொல்லித்தான் தெரியும் என்று என்னைச் சொல்வார்கள், அது கிடக்கட்டும். நான் வந்த பிறகு எல்லோருக்கும் முறை. பகல் ஒரு வாரம், ராத்திரி ஒரு வாரம், மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு. ஊர்க்காரர், தெற்கத்திக்காரர், இந்திக்காரர் என்று பிரித்துப் பார்த்ததே இல்லை.

தலைவலி அவசர லீவில்தான். அதற்கென்று தனி நோட்டுப் போட்டேன். உடம்பு சரியில்லை என்பதற்கு அதில் இடமில்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியாக இருக்கிறது, சொல்லுங்கள்? சாவு என்றால் தெளிவு. அப்பா அம்மாவுக்கு ஐந்து நாள், தாத்தா பாட்டிக்கு இரண்டு நாள், ஒரு சாவுக்கு ஒரு லீவு.

இந்த விதி ஏன் வந்தது என்றால், செக்கிங்கில் இருக்கும் சசிகுமார் இரண்டு வருஷத்தில் அவன் அப்புச்சியை, அம்மா வழித் தாத்தாவை, மூன்று தடவை கொன்றுவிட்டான். மூன்றாவது தடவை, "எந்த அப்புச்சி கண்ணு?" என்று கேட்டேன்.

"அம்மாவோட சித்தப்பனுங்க. அவரையும் அப்புச்சின்னுதானுங்க கூப்புடுவோம்."

"இன்னும் எத்தனை பேரு உசுரோட மிச்சம் இருக்கறாங்கன்னு சொல்லீரு சாமி, மொத்தமா எழுதிக்கறேன்" என்றேன். பேக்கிங் செக்ஷனே சிரித்தது. அவனும் சிரித்தான். விதியை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

முத்துப்பேச்சி ஓவர்லாக் டைலர். விளாத்திகுளம் பக்கம். போன ஐப்பசியில் தீபாவளி ஷிப்மென்ட் நேரம், அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லை, நான்கு நாள் வேண்டும் என்று வந்து நின்றாள். நோட்டைத் திறந்து காட்டினேன். ஆபரேஷனுக்குக் கட்டம் இல்லை. போய்விட்டாள். மறுநாள் காலையில் அழுதுகொண்டே வந்து, அம்மா செத்துப்போச்சு என்றாள். ஐந்து நாள் கொடுத்தேன்.

திரும்பி வந்த அன்றைக்கு அவள் லைன் வீட்டுக்கே போனேன். வாழைப்பழமும் பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய், கட்டிப்பிடித்து அழுதேன். என்னைப் பெற்றவள் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு அவள் தங்கச்சி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ போட்டிருந்தாள். நம்பர் எனக்கு எப்படி என்று கேட்காதீர்கள், எல்லோருடைய நம்பரும் என்னிடம் உண்டு. பொங்கல் பானை முன்னால் பல்லில்லாத ஒரு பொம்பளை உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, எம் மூஞ்சியப் போயி எடுக்கியே, போனு ஒடஞ்சிராது?" என்று சிரிக்கிறார். கீழே "எங்க அம்மா" என்று எழுதி ஒரு இதயம். நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை மேடம். என் வாயில் ஒரு சமாச்சாரம் டீ ஆறும்வரைக்கும் தங்காது என்பார்கள். இது நான்கு மாதம் தங்கியது. பேச்சி மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவள் முறைக்கு ஞாயிறு வந்தால் கொடுத்தேன், ராத்திரி வந்தால் ராத்திரி.

இப்போது விசாரணை என்று வாட்ச்மேன் மாரப்பனைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வைகாசி இரண்டாம் தேதி பேச்சிக்கு வந்த போனைச் சொல்லாமல் விட்டார் என்று அவரை வேலையை விட்டு நிறுத்தப் போகிறீர்களாம். அது நியாயமில்லை, அதனால்தான் நானே வந்தேன். டைலர்கள் போனெல்லாம் கேட்டில் பெட்டியில் கிடக்கும். அவசரம் என்றால் கேட் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். பத்தேகால் மணிக்கு அவர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அமராவதிம்மா, பேச்சிக்கு ஊர்ல இருந்துங்க. அவசரமாட்டத் தெரியுதுங்க."

"குடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க கேட்டுக்குப் போங்க" என்றேன். போய்விட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பேசிவிட்டு வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது அடியில்தான் பேச்சி தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு அவள் தங்கச்சி கூப்பிட்டாள். முடிந்துவிட்டது என்றாள். அதையும் நான்தான் வாங்கினேன். ஒரு மெஷின் நின்றால் அந்த லைனில் பதினோரு பேர் நிற்க வேண்டும், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் சொன்னேன்.

அவள் அழவில்லை. லீவுச் சீட்டை வாங்கி "அம்மா இறப்பு" என்று எழுதினாள்.

"அம்மாவுக்கு ஐப்பசியிலயே எடுத்தாச்சே கண்ணு" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. "அம்மா"வுக்கு முன்னால் "பெரிய" என்று சேர்த்தாள். பெரியம்மாவுக்கு ஒரு நாள். எல்லோருக்கும் அப்படித்தான்.

காலையில் பேசியது யார் என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் ஸ்டேட்டஸில் கேட்ட அதே குரல், எனக்கு நன்றாகவே தெரியும்.

"பேச்சியக் கொஞ்சம் கூப்புடுதீகளா தாயி? ஒரு வார்த்த பேசிக்கிடுதேன். ஆசுபத்திரியில கெடக்கேன், மூச்சு முட்டுது."

"நீங்க யாருங்க?"

"அவ ஆத்தா தாயி."

"இருக்காதுங்களே. முத்துப்பேச்சியோட அம்மா போன ஐப்பசியிலயே தவறிட்டாங்க. நோட்டுல இருக்குது. அஞ்சு நாள் லீவும் குடுத்திருக்குது."

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது.

"ஆமா தாயி" என்றார். "செத்துத்தாம் போனா. நா பக்கத்து வீட்டுக்காரி. சும்மாதான் கேட்டேன். அவள ஒண்ணுஞ் சொல்லிப்புடாதீக, வேலையப் பாக்கட்டும்."

நோட்டைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது. அவரே ஒத்துக்கொண்ட பிறகு, பேச்சியை நான் எந்தக் காரணம் சொல்லி மெஷினை விட்டு எழுப்புவது மேடம்?