அசையாமல் கிடந்த பிள்ளை

— அந்த லேமிங்டன் கேக்கைக் கீழ வச்சிட்டு இங்க பாரு, டாக்டரம்மா. தேங்காத்தூள் எல்லாம் என் கீபோர்டுல கொட்டுது.

— பாக்குறேன், சொல்லு லாக்லன்.

— மூளை ஸ்கேன் எடுத்த அத்தனை பிள்ளைங்களையும் என் கம்ப்யூட்டர் பிரிச்சு வச்சிருச்சு. ஆட்டிசம் இருக்கிறவங்க இந்தப் பக்கம், இல்லாதவங்க அந்தப் பக்கம். நீ மாசக்கணக்கா உக்காந்து பேசிக் கண்டுபிடிக்கிறதை அது டீ ஆறுறதுக்குள்ள சொல்லுது.

— டீயும் அதுவே போட்டுச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒண்ணு மட்டும் தப்பாப் போச்சுன்னியே, அது யாரு?

— ஓட்டிஸ். அவனுக்கு ஆட்டிசம் இல்லங்குது.

— ஓட்டிஸுக்கா? நடை பழகுற வயசுலேர்ந்து என்கிட்ட வர்ற பையன்.

— ஒருவேளை நீ சொன்னது தப்போ? கோவிச்சுக்காத, நெரிடா.

— கோவம் என்ன. போன வாரம் என் ரூம் ஃபேன் சத்தம் மாறிப்போச்சுன்னு தேம்பித் தேம்பி அழுதான். அவனுக்கு இல்லைன்னா எனக்குப் பட்டம் குடுத்தவங்கதான் பதில் சொல்லணும்.

— அப்ப அவன் ஒருத்தனை விட்டுரு. வெள்ளிக்கிழமை சிட்னி மாநாட்டுல எல்லார் முன்னாடியும் இதைக் காட்டணும். அதை விடு, எனக்கு இதுல எவ்வளவு நிம்மதின்னு உனக்கே தெரியும்.

— உன் மக பிப்பா விஷயம்தானே?

— ஆமா. பள்ளிக்கூடத்துல யாரோடயும் ஒட்டவே மாட்டேங்கிறான்னு அவ அம்மா பிரையனி புலம்பாத நாள் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆட்டிசம் இல்லாத பிள்ளைங்களும் வேணும்னு நீங்க கேட்டதும் எம்மகளையே கூட்டிட்டு வந்து படுக்க வச்சேன். கம்ப்யூட்டர் ‘இல்ல’ன்னு சொல்லிருச்சு. அன்னிக்கு ரெட்கிளிஃப் கடற்கரையில மூணு பேரும் மீனும் சிப்ஸும் தின்னோம். பிரையனி அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

— சந்தோஷம்தான். சரி, அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள ஓட்டிஸ் எப்படி இருந்தான்?

— கல்லு மாதிரி. உன்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல முக்காவாசிப்பேர் அந்தத் தடதடப்பு தாங்காமத் திமிறுவாங்க. இவன் மூச்சு விடுறானான்னே எட்டிப் பார்த்தோம்.

— அவனுக்கு அந்தச் சத்தம்னா உசுரு. வீட்டுக்குப் போயும் அதையே பாடிக்கிட்டு இருக்கானாம். டங் டங், டுர்ர்ர், டங். அவங்கம்மாவுக்குத் தலைவலி மாத்திரைதான் துணை.

— இரு இரு. திமிறினா தலை ஆடும்.

— ஆடும்.

— தலை ஆடினா படம் லேசா மங்கும். அந்த மங்கலைக் கழிச்சிட்டேன்னுதான் நினைச்சேன். கழியலை போல. மங்கின படமெல்லாம் இந்தப் பக்கம், தெளிஞ்ச படமெல்லாம் அந்தப் பக்கம். நெரிடா, இது மூளையைப் பார்க்கவே இல்ல. யாரு ஆடினா, யாரு ஆடலைன்னு மட்டும்தான் பார்த்திருக்கு.

— அடப்பாவமே. இத்தனை நாள் உழைப்பு.

— வயிறு எரியணும், ஆனா சிரிப்புத்தான் வருது. ஒரு பொடியன் சும்மாப் படுத்துக் கிடந்தே என்னைக் கவுத்துட்டான் பாரு. சிட்னிக்கு போன் போட்டு இப்ப வரலைன்னு சொல்லிடுறேன். திருத்திரலாம், நேரம்தான் எடுக்கும்.

— திருத்திருவ, எனக்குத் தெரியும். இன்னொரு லேமிங்டன் எடுத்துக்க… லாக்லன்? மறுபடியும் யாரு படத்தைத் திறக்கிற?

— பிப்பாவும் அசையலை. அப்ப அவளுக்குச் சொன்ன ‘இல்ல’க்கும் அர்த்தம் இல்ல.

— அவ எப்பவுமே அமைதியான பிள்ளைதானே.

— அமைதிதான். சனிக்கிழமை அவளை உன்கிட்ட கூட்டிட்டு வரவா?

— தாராளமா வா. பிரையனிகிட்ட?

— நானே சொல்றேன். எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.

— பயமா இருக்கா?

— இருந்துச்சு. இப்ப இல்ல. ஒண்ணு பண்ணு, ஓட்டிஸையும் அன்னிக்கே வரச் சொல்லு. ‘டுர்ர்ர், டங்’னு பிப்பாவும் பாட ஆரம்பிச்சா, எங்க வீட்டுல கூடச் சேர்ந்து பாட ஒரு ஆள் இல்ல.