செவுளைத் தூக்கிக் காட்டுவோம்

தலைமை நாற்காலியில் தங்கமாய் வீற்றிருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பெயர் வாங்கிய தெய்வநாயகம் ஐயா அவர்களே! ஐயா, தூங்கிடாதீங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மணலில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு மாமன்மாரே, கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் என் குலவிளக்குகளே, டீக்கடை ஓரமாய் நின்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று போனில் படம் பிடிக்கும் கட்சித் தம்பிகளே! முன்னால் வாங்க, அங்கிருந்து எடுத்தால் என் மூக்குத்தி தெரியாது. அனைவருக்கும் மீன்காரி சொர்ணத்தின் வணக்கம்.

கருவடிக்குப்பம் மண்டபத்தில் காட்ட வேண்டிய படம் இது. கரண்ட் இல்லை என்றார்கள். ஜெனரேட்டர் கொண்டுவருகிறோம் என்றோம். மண்டபமே ரிப்பேர் என்றார்கள். "சாவியாவது நல்லா இருக்குங்களா?" என்று விசாரித்துவிட்டு வந்தோம். அதனால்தான் நம் குப்பத்து மணலிலேயே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருக்கிறோம். யார் வேட்டி என்றா கேட்கிறீர்கள்? தலைவருடையதுதான். அவர் இப்போது எதைக் கட்டியிருக்கிறார் என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்!

கடல் நம் வாசலைத் தின்கிறது. தடுக்க வந்த கல் எங்கே? கரைக்கு வந்ததா? கடலுக்குள் போனதா? லாரி லாரியாக ஒரு பெரிய மனிதரின் சொகுசு விடுதிக்குள் போனது! அதை ஊருக்குச் சொன்னவர் நம் கோபிநாத் தம்பி. கையில் ஒரு செல்போன், காலில் அறுந்த செருப்பு, அவ்வளவுதான் அவர் டிவி நிலையம். விளம்பரம் நின்றது. வீட்டு ஓனர் விரட்டினார். பொய்ச் செய்தி என்று வழக்கும் வந்தது. அவரையும் நம்மையும் வைத்துத்தான், இதோ கேமராவோடு நிற்கிற சரிதா இந்தப் படத்தை எடுத்திருக்கிறாள்.

நல்ல மனசு அவளுக்கு. நமக்கு ஆபத்து வரக் கூடாதென்று, சாட்சி சொன்ன நம் முகத்தைப் புகையாக்கி, குரலை எலிக்குரலாக்கி வைத்தாள். போன வாரம் போட்டுப் பார்த்தபோது என்ன நடந்தது? நான் வாயைத் திறக்குமுன் தவளக்குப்பம் மார்க்கெட்டே கூவியது: "ஏ சொர்ணம், வஞ்சிரத்துக்குச் செவுளத் தூக்கிக் காட்டுற அந்தக் கை உன்னுதுதான்டி!" சாட்சி சொல்லும்போதும் நான் மீனைக் கீழே வைக்கவில்லை, அவளும் கையை மறைக்கவில்லை!

நமக்குத் தெரிந்தது. நம்மைத் தெரியாதவர்களுக்கு? "மூஞ்சி இல்லாத ஆளுங்க, கூலிக்கு நடிச்சவங்க" என்று விடுதிக்காரர் பக்கம் சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை கோர்ட்டில் கோபிநாத் தனியாக நிற்க வேண்டும்.

தாய்மாரே! செவுளை மூடி ஒரு மீனாவது விற்றிருக்கிறோமா? சிவப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் எவராவது வாங்கியிருக்கிறாரா? முகத்தை மூடிய சாட்சியை மட்டும் ஊர் எப்படி வாங்கும்? என்ன கமலா, "பயமா இல்லையாக்கா?" என்கிறாயா? இருக்குடி. நேற்றே மார்க்கெட்டில் என் கூடையை வேறு இடத்தில் வைக்கச் சொன்னார்கள். நான் ஒருத்தி என்றால் இடத்தை மாற்றுவார்கள். நாம் அத்தனை பேரும் என்றால் மார்க்கெட்டையா மாற்றுவார்கள்?

சரிதா, கேமராவைத் திருப்பும்மா. புகை வேண்டாம். என் பெயர் சொர்ணம். விடியற்காலையில் கூடையோடு போகையில், கல் லாரி விடுதிக்குள் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அடடா, கமலா எழுந்துவிட்டாள்! பின்னாலேயே ஒரு கூட்டம்! தள்ளாதீங்கடி, வரிசையா வாங்க! எங்க வீட்டுக்காரரே, படகு மறைவில் ஒளிந்தது போதும். தலையைச் சீவிட்டு நீங்களும் வாங்க!

காது கொடுத்தவர்களுக்கு நன்றி. முகம் கொடுக்க வருகிறவர்களுக்குக் கைகூப்பி என் வணக்கம்!