ஆராயி யாரைக் கண்ணு என்றாள்

"ஹலோ... ஆமா, மலர்தான். இந்த நம்பர்ல வேற யாரு பேசுவா?... இல்ல இல்ல, தூங்கல. இங்க மத்தியானம் ஒன்றரை. உங்கூர்லதான் இப்ப விடிஞ்சிருக்கும்... ம்... ம்... நேத்து ஏழு தடவ கூப்புட்டேன் ஹேமா. ஒருக்கா எடுத்திருந்தா என்ன?... ஓ, கிளாஸா. ஞாயித்துக்கிழமையும் கிளாஸு. சரி, சரி."

நாகலூரில் சிக்னல் கிடைக்கிற இடம், காப்பிக் களத்து ஓரத்துச் சிமெண்டுக் கட்டை ஒன்றுதான். மலர் அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். கொஞ்சம் இறங்கினால் போதும், இங்கிலாந்தும் போய்விடும், ஹேமலதாவும் போய்விடுவாள். கீழே அவள் அம்மா ஆராயி, காய்கிற காப்பியைக் காலால் துழாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

ஹேமலதா ஏற்காடு டவுனில் லாட்ஜ் நடத்துகிறவரின் மகள். சேலத்துக் கல்லூரியில் மூன்று வருஷம் மலரோடு ஒரே பெஞ்சு. அதன்பின் இங்கிலாந்தில் சினிமாவும் பண்பாடும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பத்தோடு தானே எடுத்த குறும்படம் ஒன்றும் அனுப்பவேண்டும். ஒருத்திக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. இன்னொருத்திக்கு இரண்டு வரியில் 'இல்லை' வந்தது. அந்த இன்னொருத்திதான் கட்டைமேல் நிற்கிறாள்.

"போஸ்டரப் பாத்தேன்... எந்த போஸ்டரா? உங்க டிபார்ட்மெண்ட் போட்டது. உங்க லாட்ஜ் சத்யராஜ் அண்ணன் ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காரு. மொதலாளி பொண்ணு படம்னு அவருக்குப் பெருமை தாங்கல. 'கூடை. இயக்கம் ஹேமலதா.' அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குது. படிக்கட்டுமா?... இல்ல, படிக்கறேன், கேளு. 'ஒரு மகள் தன் தாயிடம் கேட்ட கதை.'"

"..."

"யாரு தாய்? நீயே சொல்லு. உங்கம்மா இந்நேரம் லாட்ஜ் கவுண்டர்ல உக்காந்திருப்பாங்க. அவங்க எப்ப நாகலூர் எஸ்டேட்டுல பழம் பறிச்சாங்க?"

'கூடை' பதினெட்டு நிமிஷப் படம். ஆராயிக்கு இருபது வயதாக இருந்தபோது, அவள் வேலை பார்த்த எஸ்டேட்டுக்குச் சினிமா எடுக்க வந்தார்கள். கதாநாயகி காப்பி பறிக்கிற காட்சி. ஆராயியின் கூடையை வாங்கி அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்தார்கள். பறிக்கிற பெண்கள் கேமராவில் விழக் கூடாதென்று மரத்துக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் ஆராயி. இதைத்தான் அவள் கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள், பாதிக்குமேல் சிரித்துக்கொண்டே. மலர் தன் போனில் ஒரு மாதம் எடுத்தாள். சாயங்காலமானால் போனில் இடம் தீர்ந்துவிடும். பஸ் பிடித்து டவுனுக்குப் போய் ஹேமாவின் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, போனைக் காலிசெய்துகொண்டு வருவாள். ஒரு நகல் தனக்கென்று வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஹேமா இருக்கும்போது எதற்கு? அப்படி ஒரு நம்பிக்கை, அப்படி ஒரு மண்டு.

"எடிட் நீ பண்ணுனே, ஆமா. நான் இல்லைன்னு சொன்னனா? ஆனா நாம பேசுனது என்ன? 'கூடை' எனக்கு, ஏரிக்கு வர்ற டூரிஸ்டுங்க படம் உனக்கு. படகு ஓட்டறவங்க கூடவே நீ சுத்தி எடுத்தியே, அது... நல்லா வரலன்னா? அதுக்கு?... அதுக்கு என்னுதை எடுத்துக்குவியா புள்ள?"

"..."

"எனக்கு மூணு நாளைக்கு முன்னாடியா? மூணே நாள் முன்னாடி நீ அனுப்பிட்டே. அப்பறம் உன் லேப்டாப்புலருந்தே என்னுது போனப்போ அவங்க என்ன நெனச்சிருப்பாங்க? எவளோ ஒருத்தி திருடி அனுப்பறான்னு. 'இந்தப் படம் உங்களுடையது என்று எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை.' எனக்கு அது புரியவே இல்ல. பாரத்துல எதையோ தப்பா ரொப்பிட்டேன்னு நெனச்சேன். உங்கூட்டு மாடியில உக்காந்து அழுதேன். நீ டீ போட்டுக் குடுத்தே. முதுகத் தடவிக் குடுத்தே. 'அடுத்த வருஷம் கவனமா ரொப்பு மலர்'னு சொன்னே."

அந்த டீயைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அதில் சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தாள் ஹேமா, மலருக்குப் பிடிக்கும் என்று.

"கேக்குது, கேக்குது, சொல்லு... ம்... ம்... உங்கப்பா நெருக்குனாரு, சரி... ம். அதுக்காக? ஸ்டேட்டஸ்ல படத்துண்டும் பாத்தேன், என் கொரலக் கூட வெட்டிட்டியே. கேள்வி கேக்கற கொரலு பூராவும் நான்தான். இப்ப அதுல அம்மா மட்டும் பேசுது. 'கேளு கண்ணு, அப்பறம் கண்ணு, அந்தக் கூடை இருக்குதே கண்ணு'ங்குது. ஒருக்கா கூட மலருன்னு சொல்லல. நொம்ப வசதியாப் போச்சு உனக்கு."

ஆராயிக்கு இளசுகள் எல்லாருமே கண்ணுதான். பஸ் கண்டக்டர் கோகுல் கண்ணு, ரேஷன் கடைப் பையன் கண்ணு, சனிக்கிழமைதோறும் வந்து கேழ்வரகுக் களி கேட்டுச் சாப்பிட்ட ஹேமலதாவும் கண்ணு. பெற்ற மகளையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு மலர் கேட்டதே இல்லை. அதெல்லாம் இந்த மலையில் யாரும் குறையாக நினைக்கிற விஷயம் இல்லை.

"சரி, அழுவாத. அழுது என்ன ஆவப்போவுது? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷத்துக்கு விண்ணப்பம் போட இன்னும் ஒம்போது நாள் இருக்குது. உங்க புரொபசருக்கு ஒரு மெயில் போடு. படம் எடுத்தது மலர், கதை சொல்றது மலரோட அம்மா. ரெண்டு வரி. எனக்கு வந்த அளவே போதும்..."

"..."

"உன் சீட்டு போயிருமா? விசா போயிருமா? என்னுது போனப்போ டீ குடுத்தியே ஹேமா. இப்ப நான் வந்து உனக்கு டீ போட்டுத் தரட்டுமா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு ஓடியது. களத்தில் ஆராயி நின்று நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, சுத்தி வளைக்காத... சரி. அப்ப நானும் சொல்றேன். வெளிய போட்டுக் காட்டணும்னா படத்துல பேசறவங்க சம்மதம் எழுதி வாங்கணும், எனக்கும் தெரியும். எங்கம்மா கையெழுத்துப் போடாது. ஒரு காலும் போடாது. படத்தப் பொட்டியில வச்சுப் பூட்டிக்கோ... என்ன? என்னது?... எப்ப?"

மலர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள்.

"அம்மா. சத்யராஜ் அண்ணன் எதாச்சும் காயிதம் கொண்டாந்தாரா?"

"ஆமா கண்ணு. பொங்கலுக்கு மொத நாள். நீ சேலம் போயிருந்தே. ஸ்வீட்டுப் பொட்டியும் குடுத்தாரு. ஹேமாக் கண்ணு அனுப்புச்சு, படிப்பு விசயம்னாரு. உன்ற படிப்புக்குத்தான்னு கையெழுத்துப் போட்டேன். ஏன்?"

அந்த மைசூர்பாகில் இரண்டு துண்டு மலரும்தான் தின்றாள்.

"ஹேமா... அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்தே? இங்கிலீசுல என்ன எழுதியிருந்தே?... வாயத் தொறந்து சொல்லு... 'என் மகள் ஹேமலதா எடுத்த படம்'னா?... கையெழுத்துக்கு மேல ஒரு எழுத்து வராத மனுசிகிட்ட... எங்கம்மா கையாலயே..."

ஆராயி கால் தூசியைத் தட்டிக்கொண்டு கட்டைப் பக்கம் வந்தாள். மகள் சொன்னதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதையும் விளக்கச் சொல்லவில்லை. கையை நீட்டினாள், மலர் போனைக் கொடுத்தாள். ஆராயி தானும் கட்டைமேல் ஏறி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?... நானுங்க, ஆராயிங்க. நாகலூருங்க... இல்லீங்க, அழுவாதீங்க. அங்க குளுருங்களாம், ஒடம்பப் பாத்துக்கங்க."

மலர் நிமிர்ந்து பார்த்தாள். தன் வயதுப் பெண் யாரிடமும் அம்மா 'ங்க' போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடமும், சர்வே எடுக்க வரும் ஆபீசரிடமும் பேசுகிற குரல் அது.

"அந்தக் காயிதம் என்ற மவ படிப்புக்குன்னு நெனச்சுப் போட்டனுங்க. உங்களுதுன்னு தெரியாதுங்க. உங்க வாத்தியாருகிட்ட அதச் சொல்லிப்போடுங்க... சொல்ல மாட்டீங்களா? சரிங்க... அந்தப் படம் உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நான் என்ற மவளுக்கு மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லிக்கறனுங்க. இன்னும் ஒம்போது நாள் இருக்குதாமுங்க... இல்லீங்க. அம்மான்னு கூப்புடாதீங்க. உங்கம்மா டவுன்ல இருக்காங்க."

அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சிக்கொண்டே இருந்தது. ஆராயி கொஞ்சநேரம் மரியாதையாகக் கேட்டாள். பிறகு போனை முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எப்புடி அமத்தறது, மலரு?"

ஹேமலதாவின் காதில் அந்தப் பெயர் விழுந்திருக்கும். மலர் எட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.