மத்தியானச் சார்ஜ்

— பேட்டரி வண்டி டாக்ஸிக்கு லாயக்கில்ல வசந்தி. நூறு தரம் சொல்லியாச்சு. பேனாவைக் குடு, பெட்ரோல் வண்டி புக்கிங் ஃபாரத்துலயே கையெழுத்து போட்டுடறேன்.

— போடுங்க, யார் வேணாங்கறா? ஏன் லாயக்கில்லன்னு இன்னொரு தரம் சொல்லிட்டுப் போடுங்களேன்.

— அடிப்போடி. இருபத்திரெண்டு வருஷமா கல்கத்தாவுல மஞ்ச டாக்ஸி ஓட்டினவன் நான். இந்த ஜாதவ்பூர் வீட்டை விட்டா உனக்கு என்ன தெரியும்?

— அந்த மஞ்ச டாக்ஸியத்தான் வண்டிக்கு வயசாயிடுச்சு, ஓட்டக்கூடாதுன்னு கவர்மென்ட்ல சொல்லிட்டாங்களே. சொல்லுங்க, கேக்கறேன்.

— இருநூறு கிலோமீட்டர் ஓடும்னு காகிதத்துல போட்டிருக்கான். ஏசியப் போட்டுக்கிட்டு ஜாம்ல நின்னா நூத்தம்பது தேறாது. காலைல அஞ்சு மணிக்கு எடுத்தா ஏர்போர்ட், ஹௌரா, சால்ட் லேக்னு சுத்திட்டு ஒரு மணிக்கெல்லாம் படுத்துடும்.

— ஒரு மணிக்கா? கரெக்டா ஒரு மணிக்கா?

— ஒண்ணோ ஒண்ணரையோ! அப்புறம் வீட்டுக்குக் கொண்டாந்து சொருகிட்டு மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும்.

— மூணுதானா? ஷோரூம்காரர் நாலுன்னாரே.

— பாத்தியா, உனக்கே தெரியுது! நாலு மணி நேரம்னா எத்தனை சவாரி போச்சு? வெளியில ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு, ஒரு மணி நேரத்துல ஏறிடும். ஆனா அங்க...

— ஐயய்யோ, அது வேணவே வேணாங்க. பேட்டரிக்கு ஆகாதாம்.

— யாருடி சொன்னது?

— யாரோ சொன்னாங்க. வீட்டு ஓனர் மாஷிமாகிட்ட கேட்டு ஜன்னலோரமா ப்ளக் பாயின்ட்கூட வச்சாச்சு. ‘உன் புருஷன் மாரியப்பன் இதுக்கெல்லாம் மசியமாட்டானே’ன்னு சிரிச்சாங்க.

— என்னது! என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?

— உங்கள எப்பங்க கேக்கறது? விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடறீங்க. நான் கண்ணு சொருகி உக்காந்திருக்கும்போது வர்றீங்க. நம்ம பொண்ணு சுபிக்ஷா இருந்த வரைக்கும் தெரியல. அவ பெங்களூருக்கு வேலைக்குப் போனப்புறம் மத்தியானச் சோறு இறங்கமாட்டேங்குது. நேத்து மீன் குழம்ப அப்படியே பூனைக்கு வச்சேன்.

— சரி... அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டப்போறவன் நான். பேனாவைக் குடு.

— இந்தாங்க. பெட்ரோல் தீந்தா நீங்க பங்க்குக்குப் போயிடுவீங்க. இதுன்னா வீட்டுக்கு வந்துதானேங்க ஆகணும்.