பெரியபிள்ளை ஆகும்வரை

எங்கள் வீட்டுக் கோழிகள் நன்றாக முட்டையிடும். நாட்டுக்கோழிகள்தான். தவிட்டோடு கொஞ்சம் கருவாட்டுத் தூள் கலந்து போட்டால் மழைக்காலத்தில்கூட ஏமாற்றாது. வளவுக்குள் வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே, சாப்பாட்டுக்கு வழியில்லாமல்தான் பிள்ளை மெலிந்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டாம். பொருளாதாரத் தடை எல்லோருக்கும்தான். குளிக்கச் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ரேடியோப் பற்றரி கண்ணால் கண்டு வருடக்கணக்காகிறது. முட்டை இருந்தது.

லூர்த்தம்மா டீச்சரைப் பற்றி விசாரிக்கத்தான் கல்விக் கந்தோரிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பயிற்சி என்ற பெயரில் பிள்ளையை விரட்டி விரட்டிக் கொன்றுவிட்டார் என்று உடுப்பிட்டி முழுக்கக் கதைக்கிறார்கள். அவர் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். இங்கே அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவரில் ஒரு பிழையும் கிடையாது. நான் சொல்வதை முழுவதும் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

கௌசலா எங்களுக்கு ஒரே பிள்ளை. எண்ணூறு மீற்றர் ஓடுவாள். வெறுங்காலோடு, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, யாரோ தூரத்தில் பேசுவதைக் கேட்பவள் மாதிரி ஓடுவாள். இரண்டாவது சுற்றில்தான் அவளுடைய ஓட்டம் தொடங்கும். மற்றப் பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது இவள் வாயை மூடியபடி ஒவ்வொருவராகக் கடந்து போவாள். அதை ஒரு தடவை பார்த்த தாய்க்கு அதற்குப் பிறகு வேறு எதிலும் மனம் நிற்காது. எனக்கு நிற்கவில்லை.

ஒரு பிள்ளை ஓடினால் வீடு முழுவதும் அதன் பின்னால் ஓட வேண்டும். விடியமுன் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரத்தில் என் கணவர் தம்பிராசா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். வெயில் ஏறியபின் கட்டிய தண்ணீரில் பாத்திகள் வெந்தன. போட்டி இருந்த நாட்களில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் போகவில்லை. என் கணவருடைய தமக்கை சின்னத்தங்கம் மச்சாள் அதை ஒருநாளும் மன்னிக்கவில்லை. அடுத்த வளவில்தான் இருக்கிறார். வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு விட்டிருக்கிறோம், அதால் வந்துபோவார்.

ஒருநாள் பின்னேரம் அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து, என் கணவர் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த இடத்தில் நின்றார்.

"தம்பி, உவள் எத்தினை நாளைக்குத் தொடை தெரிய ஓடப்போறாள்? ஊர் சிரிக்குது."

"ஊருக்குப் பல்லுக் கூட, மச்சாள். சிரிக்கட்டும்" என்றேன் நான்.

"நான் உன்னோடை கதைக்கேல்லை ஞானம். என்ரை தம்பியோடை கதைக்கிறன்."

என் கணவர் மண்வெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சின்னப்பிள்ளைதானே அக்கா. பெரியபிள்ளை ஆகிற வரைக்கும் ஓடட்டும். அதுக்குப் பிறகு ஓட்டமும் இல்லை, ஒண்டும் இல்லை."

"சொல்லுத் தவறமாட்டாய்தானே?"

"எப்ப தவறினனான்?"

தவற மாட்டார். அவரை எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொன்ன சொல்லைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். அன்று கௌசலாவுக்குப் பன்னிரண்டு வயது. மச்சாளின் மகள் சசிகலா அந்த ஆவணியில்தான் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளை ஆகியிருந்தாள். அவளும் ஓடியவள்தான், கௌசலாவைவிட ஒரு காலத்தில் வேகமாக ஓடியவள். தண்ணீர் வார்த்துச் சேலை உடுத்திப் படம் எடுத்த பிறகு மைதானப் பக்கம் அவளைக் காணவில்லை. இப்போது திண்ணைக் குந்தில் இருந்து தேங்காய் துருவுகிறாள்.

சசிகலாவைப் பார்த்துத்தான் நான் யோசிக்கத் தொடங்கினேன். மச்சாள் மகளைச் சிறுவயதிலிருந்தே முட்டையும் எள்ளுப்பாகும் மீனுமாக வளர்த்தவர். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. உடம்பைப் பலப்படுத்துகிற சாமான்கள். அவற்றை முன்கூட்டியே கொடுத்தால் உடம்பு முன்கூட்டியே பழுக்கும். கொடுக்காவிட்டால் பழுக்காது. இது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. வாழைக்குலையைப் புகையில் வைக்கிறவனுக்கும் வைக்காமல் விடுகிறவனுக்கும் தெரிந்த விஷயம்தான்.

நான் அவளைப் பட்டினி போடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர். மத்தியானம் கொஞ்சம் சோறும் வெள்ளரிக்காயும் மோரும். எல்லாம் குளிர்ச்சியான சாப்பாடு. முட்டை, மீன், எள்ளு, உளுந்து, இறைச்சி, இவை மட்டும் இல்லை. பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சூரத்தாவாரை அவித்த தண்ணீர், குடலைக் கழுவி உடம்புச் சூட்டைத் தணிக்கும். நான் அதை விடுமுறைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தேன். பிறகு அதைவிடக் கொஞ்சம் அடிக்கடி.

"அம்மா, பசிக்குது" என்பாள்.

"ஓடுற பிள்ளைக்கு வயிறு லேசா இருக்கவேணும்."

"சசி மச்சாள் முட்டை சாப்பிடுறா."

"சசி மச்சாள் இப்ப எங்கை ஓடுறா?"

கெட்டிக்காரி. நியாயத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

முட்டைகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சின்னத்தங்கம் மச்சாளுக்குக் கொடுத்தேன். அரிசி அளக்கிற சுண்டில் தவிடு போட்டு அதற்குள் வைத்து, வேலிப் பொட்டால் நீட்டுவேன். அவர் முகம் மலர்ந்துபோகும். "உன்ரை மனம் ஆருக்கு வரும் ஞானம். நான் வாய்க்கு வந்தபடி கதைச்சாலும் நீ மனசிலை வைக்கிறேல்லை" என்பார். என் கணவர் பிள்ளை ஏன் இப்படி வாடுகிறாள் என்று கேட்டபோது அவரே எனக்காகப் பேசினார். "ஓடுற குதிரை கொழுத்தோ இருக்கும்? நீ பேசாமல் இரு தம்பி."

லூர்த்தம்மா டீச்சருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"அக்கா, பிள்ளைக்கு என்ன குடுக்கிறியள்? காத்தடிச்சால் பறந்திடுவா போலை கிடக்கு."

"முட்டையும் பாலும்தான் டீச்சர். எங்கை போகுதெண்டு தெரியேல்லை."

"பூச்சி மருந்து குடுத்துப் பாத்தியளோ?"

"பேதிக்குக் குடுத்தனான் டீச்சர்."

"அது நல்லது" என்றார், பாவம். அடுத்த வாரம் நிவாரணத்தில் தனக்குக் கிடைத்த சத்துமாவைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய வீட்டில் வயதுபோன தகப்பன் படுக்கையில் கிடந்தார், அவருக்கு என்று வைத்திருந்ததாம். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உளுந்தும் பயறும் கலந்த மா அது. கௌசலாவுக்குக் கொடுக்க முடியாது. கோழிகளுக்குப் பிசைந்து போட்டேன்.

இதுதான் டீச்சருடைய பங்கு. ஓடச் சொன்னார், ஓய்வெடுக்கவும் சொன்னார். பிள்ளை களைத்தால் பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பிய நாட்களில் நான்தான் அவளைப் பின்வளவில் ஓடவிட்டேன்.

இரண்டு வருடம் எல்லாம் சரியாக நடந்தது. வகுப்பில் அவளோடு படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேலை உடுத்திப் படம் எடுத்தார்கள். என் மகள் தட்டையான நெஞ்சோடு, மெல்லிய கால்களோடு ஓடினாள். முதல் வருடம் நான் மைதான வேலியோரம் பூவரசின் கீழ் நின்று பார்த்தேன். அடுத்த வருடம் ஒருவர் கதிரையோடு வந்தார். "நீங்கள் கௌசலாவின்ரை அம்மா எல்லோ? இதிலை இருங்கோ." அதுவரை நான் தம்பிராசாவின் பெண்சாதி, சின்னத்தங்கத்தின் மச்சாள். கொட்டகையில், அதிபரின் வரிசையில் எனக்கு ஒரு கதிரை இருந்தது. குளிர்பானம் இல்லாத காலம், தேசிக்காய்த் தண்ணீர் தந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெற்றோருக்குப் பாடசாலை உரிய மரியாதை தந்தது என்பதை நீங்கள் பதிய வேண்டும்.

வட்டாரப் போட்டிக்கு முதல்நாள் கௌசலா அடிவயிறு நோவதாகச் சொன்னாள். இடுப்பும் நோகுதாம். ஒரு பெண்ணுக்கு அது எதன் குறி என்று விளங்காமல் போகாது. இந்தப் போட்டியில் வென்றால் மாவட்டப் போட்டி. அதுவும் முடியட்டும், பிறகு என்னவும் நடக்கட்டும் என்று நினைத்தேன். சூரத்தாவாரையை வழக்கத்தைவிடக் கூடப் போட்டு, கசாயம் கறுக்கும்வரை அவித்துக் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். பொழுது சாயும்வரை வேலியடிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தாள். நோவு நின்றுவிட்டது என்று கடைசியில் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் எண்ணூறு மீற்றருக்குப் பெயர் கூப்பிட்ட நேரத்தில் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. எல்லோரும் ஓடிப்போய் மதிலோர வாய்க்காலுக்குள் படுத்தோம். அவள் எனக்குப் பக்கத்தில் கிடந்தாள். வெயில் அப்படி எரிந்தும் அவளுடைய கை குளிர்ந்திருந்தது.

"அம்மா, கால் விறைக்குது."

உருவிவிட்டேன்.

"நெஞ்சுக்கை ஒரு குருவி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"பயத்திலை அப்பிடித்தான் இருக்கும். பொம்பர் போயிட்டுது, பார்."

அது பலாலி முகாம் பக்கம் திரும்பிப் போய்விட்டது. டீச்சர் புழுதியைத் தட்டிக்கொண்டு வந்து அவளுடைய முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஏலாதெண்டால் விடு பிள்ளை. அடுத்த வருசம் ஓடலாம்." கௌசலா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கோட்டுக்குப் போனாள்.

இரண்டாவது சுற்றில் வழக்கம்போல வாயை மூடியபடி ஒவ்வொருவராகக் கடந்தாள். கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைசி வளைவில் முன்னால் ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தாள். தடுக்கி விழுந்தவள் மாதிரி இல்லை. கயிற்றை அறுத்துவிட்ட வாளி மாதிரி அப்படியே போனாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் உடம்பில் உப்பே இல்லை, இதயம் நின்றுவிட்டது என்றார். உங்களிடம் அவருடைய அறிக்கை இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, குளிப்பாட்டியவர் சின்னத்தங்கம் மச்சாள். சட்டையைக் கழற்றியவர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஞானம், பிள்ளை பெரிசாகி இருக்கிறாளடி. உனக்குத் தெரியுமோ?"

"இல்லை மச்சாள்."

அவர் தன் வீட்டுக்குப் போய், சசிகலாவுக்குச் சாமத்தியத்தன்று உடுத்திய கூறைநிறச் சேலையை எடுத்துவந்து அவளுக்கு உடுத்தினார். அவ்வளவு சின்ன உடம்பில் அது நிற்கவில்லை. ஊசி குத்தினார். அழுதுகொண்டே குத்தினார்.

மச்சாளுக்கு நான் சொன்னது பொய். உங்களுக்கும் பொய் சொன்னால் டீச்சர்மேல் பழி விழும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

போட்டியன்று விடிய அவள் கிணற்றடியிலிருந்து வந்து எனக்குத் துணியைக் காட்டினாள். அவளுடைய முகத்தில் பயமே இல்லை. சிரித்தாள். "அம்மா, நானும் பெரியபிள்ளை ஆயிட்டன். இண்டைக்கு நான் ஓடேல்லை. வீட்டை இருக்கப்போறன். மாமியைக் கூப்பிடுங்கோ" என்றாள். களி கிண்டுவீர்களா என்றும் கேட்டாள். நான் துணியை வாங்கி அடுப்புக்குள் போட்டேன். பேதி கூடினால் இப்படி இரத்தம் போகும், ஒருவருக்கும் சொல்லாதே என்றேன். பழைய சேலைத் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டேன். தலையை வாரி, இலக்கம் எழுதிய துணியை முதுகில் குத்தினேன். அவள் அழுதாள், ஆனால் குத்தும்போது ஆடாமல் நின்றாள். ஓட விருப்பமில்லை என்று வழியிலும் இரண்டு தரம் சொன்னாள். போன வருடமும் சொன்னவள்தான்.

அவளுடைய விருப்பத்துக்கு மாறாக ஓடவைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் விருப்பம் என்னவென்று எங்கே தெரியும்? அவளுக்கு ஓட்டத்தில் எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும்.