பதினோராம் போர்ட்

இடம்: தேனி. நாள்: 10.06.2025, மாலை 5.30 மணி.

என் பெயர் ஜோயல், வயது 32, தகப்பனார் பெயர் ஜேசுராஜ். போடியில் குடியிருந்துகொண்டு கேமரா, நெட்வொர்க் மாட்டும் தொழில் செய்து வருகிறேன். தேனியில் மலைச்சாமி என்பவர் நடத்தும் பெண்கள் விடுதிக்குக் கேமரா மாட்டியவன் நான்தான்.

கேமரா வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அதில் வயர் செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட்; அதில் மாட்டியுள்ள கருவி அரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் பெயரை ஸ்விட்சுக்குச் சொல்லும். அந்தப் பெயர்ப் பட்டியலை அச்செடுத்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வருவது எங்கள் வழக்கம். 18.01.2025 அன்று வேலை முடிந்து நான் பட்டியல் எடுக்கும்போது மேற்படி மலைச்சாமி வந்து, "பதினோராம் போர்ட்டுல என் ஆபீஸ் கம்ப்யூட்டர மாட்டிருக்கேன். லிஸ்ட்ல அது வரவேணாம், மறச்சு விட்டுரு" என்றார். அந்த போர்ட்டில் மட்டும் பெயர் சொல்லும் வசதியை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை எதற்கு மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு.

இன்று காலை 10.15 மணிக்கு விடுதி வார்டன் உமாதேவி போன் செய்து, "தம்பி, மாடி வராந்தா கேமரா தெரியல. ஓனரும் கம்பத்துக்குப் போயிருக்காக" என்றார். அதன் பிறகு நான் அங்கு சென்று ஸ்விட்சில் புதிதாகப் பட்டியல் எடுத்துப் பார்த்ததில் அந்தக் கேமராவின் பெயர் இல்லை. ஒவ்வொரு போர்ட்டாகச் சோதிக்கச் சோம்பல்பட்டு, எல்லா போர்ட்டுக்கும் சேர்த்தே பெயர் சொல்லும் வசதியைப் போட்டுவிட்டேன். அரை நிமிடம் ஆகியும் வராந்தா கேமரா வரவில்லை. அதன் வயரை எலி கடித்திருந்ததைப் பிற்பாடுதான் கண்டேன். ஆனால் பதினோராம் போர்ட்டில், கம்ப்யூட்டர் வர வேண்டிய இடத்தில், ஒரு கேமராவின் பெயர் வந்தது. நான் மாட்டிய கேமராக்கள் ஏழு. இது எட்டாவது.

அதன் பிறகு அந்த வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். அது ஆபீஸ் பக்கமே போகவில்லை. இரண்டாம் மாடி ஏறிப் பெண்கள் குளியலறைச் சுவருக்குள் நுழைந்தது. உமாதேவி உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கேமராவின் சிறு கண்ணாடி மின்னியது. அந்நேரம் என் போன் அடித்தது. மலைச்சாமி பேசினார்.

"ஏலே ஜோயலு, அங்கன ஏன் ஏறி நிக்கிற? எறங்கு."

நான் வந்திருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உமாதேவி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எதையும் தொடாமல் இறங்கி, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, இந்தக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

அதன் பிறகு விடுதிப் பெண்கள் கூடிவிட்டார்கள். கடமலைக்குண்டைச் சேர்ந்த அனுஷ்கா, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர், என்னிடம், "எத்தன நாளாண்ணே?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். அது பொய். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றோடு நூற்று நாற்பத்து நான்கு நாள். மறைத்துக் கொடுத்த தேதி என் கையெழுத்தோடு பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை; யாவும் உண்மை.

(ஒப்பம்) ஜே. ஜோயல்