நாம் கேட்டு வாங்கிய புகைபோக்கி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருக்கும் தோழர்களே, தந்தை பஷீரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே ஃபரா! தொழிற்சங்கத் தலைவர் சாலமன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். குற்றவாளி சாலமன் என்றே அழைத்திருக்கலாம்.

தோழர் பஷீர்! நம் ஆலையின் ஆய்வக உதவியாளர் பஷீர்! திருவொற்றியூர் வீட்டு மாடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்து, ஒவ்வொரு மழையிலும் சோதனைக் காகிதத்தை நனைத்து, சிவந்தால் அமிலம் என்று தேதியோடு குறித்துவைத்த பஷீர்!

நினைவிருக்கிறதா? நம் தெருக்களில் புகை இறங்குகிறது என்று பதினோரு நாள் ஆலை கேட்டை மறித்து உட்கார்ந்தோம். உயரமான புகைபோக்கி கேட்டோம். வாங்கினோம்! லட்டு கொடுத்தோம்! பஷீர் மட்டும் லட்டை வாங்கவில்லை.

"தலைவரே, இந்தப் பொகை இனிமே எங்க போவும்?"

"கடலுக்குத்தான் பாய். மீனா இருமப்போவுது?" என்றேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

"கடலுக்கு அந்தாண்டயும் ஆளுங்க கீறாங்க தலைவரே."

அவர் சும்மா இருக்கவில்லை. கடல் தாண்டி, இலங்கையின் முல்லைத்தீவில் ஞானபாக்கியம் என்றொரு ஆசிரியையைத் தேடிப் பிடித்தார். வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் அந்த அம்மையாரும் மழையில் காகிதம் நனைத்தார். அதுவும் சிவந்தது! "எல்லாமே நம்ம பொகைன்னு சொல்லல. நம்மளுதும் கீது," என்றார் பஷீர்.

மழையை அமிலமாக்கும் கந்தகத்தைப் புகையிலிருந்து கழுவி எடுக்கும் கருவியைப் புகைபோக்கியில் பொருத்தக் கோரி மனு எழுதி வந்தார். சங்கத்தின் கையெழுத்து வேண்டும் என்றார். செலவைக் காட்டி ஆலையை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். மனுவை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினேன். மூன்று மழைக்காலம் போயிற்று. நம் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "இன்னா தலைவரே, அந்தப் பேப்பரு இன்னா ஆச்சு?"

"மொதல்ல எயுந்து வா பாய், பாத்துக்கலாம்."

எழுந்து வரவில்லையே தோழர்களே!

இந்த இடத்தில் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். நான் மூன்று வருடம் மௌனமாக இருந்துவிட்டேன். இன்று மௌனம் வேண்டாம். இதோ அந்த மனு. முதல் கையெழுத்து போட்டுவிட்டேன். மகளே ஃபரா, இதை நீ பிடித்துக்கொள். உன் அத்தாவுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன்: கருவி பொருத்தும்வரை இந்தச் சங்கம் ஓயாது.

தோழர்களே, எழுந்து வாருங்கள். பேனா மேஜையில் இருக்கிறது.